கருக்கலைப்பு, வாக்குச்சீட்டு, நற்கருணை: அமெரிக்கக் கத்தோலிக்கப் பங்குகளுக்குள் தீராத வழக்கு

2022 ஆகஸ்ட் 2 அன்று அமெரிக்காவின் கன்சாஸ் மாநில மக்கள் ஓர் அரசமைப்புத் திருத்தத்தின் மீது வாக்களித்தார்கள். கருக்கலைப்பு செய்துகொள்ளும் உரிமையை மாநில அரசமைப்புச் சட்டம் வழங்கவில்லை என்று தெளிவாக எழுதிச் சேர்ப்பதே அந்தத் திருத்தத்தின் நோக்கம். அந்த உரிமை உண்டு என்று 2019-இல் மாநில உச்ச நீதிமன்றம் அளித்திருந்த தீர்ப்பை அது செல்லாததாக்கி, கருக்கலைப்பைக் கட்டுப்படுத்தவோ தடைசெய்யவோ சட்டமன்றத்துக்கு வழிவிட்டிருக்கும். அதற்குச் சில வாரங்கள் முன்னர்தான், ஜூன் 24 அன்று, நாட்டின் உச்ச நீதிமன்றம் டாப்ஸ் வழக்கில், கருக்கலைப்பை நாடெங்கும் உரிமையாக்கியிருந்த 1973-ஆம் ஆண்டின் ரோ - வேட் தீர்ப்பை ரத்து செய்திருந்தது. அதன் பிறகு மக்களிடம் நேரடியாக இந்தக் கேள்வி கேட்கப்பட்ட முதல் மாநிலம் கன்சாஸ். பேராயர் ஒருவரின் ஆட்சிக்குட்பட்ட கத்தோலிக்க நிர்வாகப் பகுதியான கன்சாஸ் சிட்டி உயர்மறைமாவட்டம் மட்டுமே 20 லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டுத் திருத்தத்தை ஆதரித்தது. குடியரசுக் கட்சியின் கோட்டை எனப்படும் அந்த மாநிலத்தில் சுமார் 59 விழுக்காட்டினர் திருத்தத்தை நிராகரித்தார்கள்.

பரப்புரை பெரும்பாலும் பங்குகளின், அதாவது ஒவ்வொரு கோயிலையும் சார்ந்த கத்தோலிக்கச் சமூகங்களின், வழியாகவே நடந்தது. தாய், சேய் இருவரையும் மதிக்கக் கோரும் பலகைகள் கோயில் வளாகங்களிலும் பங்கு மக்களின் வீட்டு முற்றங்களிலும் நடப்பட்டன. ஞாயிறு மறையுரைகளிலும் பங்கு மடல்களிலும் திருத்தம் விளக்கப்பட்டது. அதே வேளையில், துறவறச் சகோதரிகள் இருவர் திருத்தத்தை எதிர்த்துச் செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதினார்கள். ஞாயிறு தவறாமல் திருப்பலிக்குச் செல்பவர்களிலும் எதிர்த்து வாக்களித்தவர்கள் இருந்தார்கள். ஒரே பலிபீடத்தின் முன் முழந்தாளிடுபவர்கள் வாக்குச்சாவடியில் எதிரெதிராக நிற்பது அமெரிக்காவில் புதிதல்ல. ஆனால் அந்தப் பிளவு எங்கே தொடங்குகிறது என்பதை அங்குள்ளவர்களே பல நேரங்களில் தவறாக அடையாளம் காண்கிறார்கள்.

கருக்கலைப்பு பற்றிய திருச்சபையின் அறநெறிப் போதனையில் குழப்பம் எதுவும் இல்லை. வேண்டுமென்றே செய்யப்படும் கருக்கலைப்பு பெரும் தீமை என்று முதல் நூற்றாண்டிலிருந்தே திருச்சபை சொல்லிவந்திருப்பதாகவும், அந்தப் போதனை மாறாதது என்றும் கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2271-ஆம் பத்தி கூறுகிறது. அறிந்து விரும்பி அதைச் செய்பவர் மீது திருச்சபைச் சட்டம் தானாக விழும் சபை விலக்கத்தை விதிக்கிறது. 1995-இல் திருத்தந்தை (போப்) இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட வாழ்வின் நற்செய்தி பற்றிய சுற்றுமடல் இன்னும் ஓர் அடி சென்று, பிறவாக் குழந்தையைக் காக்கும் கடமை நாட்டின் சட்டத்துக்கும் உண்டு என்று வலியுறுத்தியது. கருக்கலைப்பை முழுமையாக ஒழிக்க வாய்ப்பில்லாத நிலையில், அதன் தீங்கைக் குறைக்கும் சட்டத்துக்கு ஒரு சட்டமன்ற உறுப்பினர் வாக்களிக்கலாம் என்றும் ஏற்றுக்கொண்டது. இதுவரை எல்லாம் எழுத்தில் இருக்கிறது.

வாக்காளர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும்போதுதான் நிலம் இளகத் தொடங்குகிறது. 2004-இல், வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் தலைவராக இருந்த கர்தினால் ஜோசப் ராட்சிங்கர் அமெரிக்க ஆயர்களுக்கு (பிஷப்புகளுக்கு) அனுப்பிய குறிப்பு ஒன்று இங்கே முக்கியமானது. கருக்கலைப்பை ஆதரிக்கிறார் என்பதற்காகவே ஒரு வேட்பாளருக்கு வாக்களிப்பவர் அந்தத் தீமைக்கு மனமொத்து உடந்தையாகிறார் என்று அது சொல்கிறது. ஆனால் வேட்பாளரின் அந்த நிலைப்பாட்டை ஏற்காமல், வேறு காரணங்களுக்காக வாக்களிப்பவரின் உடந்தை தொலைவானது என்றும், அதற்கு ஈடான காரணங்கள் இருந்தால் அது அனுமதிக்கத்தக்கது என்றும் அதே குறிப்பு சொல்கிறது. பின்னாளில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் ஆனவர் எழுதியது இது. தளர்ந்த மனம் கொண்டவர் என்று அவரை யாரும் குறைசொல்ல முடியாது. எது ஈடான காரணம் என்று அவர் பட்டியல் போடவில்லை. அதை எடைபோடும் பொறுப்பு தனிமனிதரின் மனச்சான்றுக்கு விடப்பட்டது.

ஒரே இருக்கையில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்கும் இருவர் இந்த எடையை எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தால் பிளவின் தன்மை புரியும். ஆண்டுதோறும் நாட்டில் நடக்கும் கருக்கலைப்புகளின் எண்ணிக்கை பல லட்சம் என்கிறபோது, அதற்கு ஈடாக வைக்கத்தக்க வேறு காரணம் என்ன இருக்க முடியும் என்று ஒருவர் கேட்கிறார். சட்டத்தால் தடைசெய்வதைவிட, பேறுகால மருத்துவச் செலவையும் குழந்தை பிறந்த பிறகு ஊதியத்தோடு கூடிய விடுப்பையும் உறுதிசெய்வதே அதிகக் கருக்களைக் காப்பாற்றும் என்று மற்றவர் பதில் சொல்கிறார். அமெரிக்காவில் 1993-ஆம் ஆண்டின் குடும்ப விடுப்புச் சட்டம் 12 வார விடுப்புக்கு மட்டுமே உரிமை தருகிறது, ஊதியத்துக்கு அல்ல என்பதை நினைவில் வைத்தால் இரண்டாமவரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. முதலாமவரின் கேள்வியையும் தள்ளிவிட முடியாது. இருவருமே கருக்கலைப்பு தீமை என்று நம்பக்கூடும். ஒரு செயல் தவறா, அதைச் சட்டம் தடுக்க வேண்டுமா, அதற்காக யாருக்கு வாக்களிக்க வேண்டும் என்னும் மூன்று வேறு கேள்விகள் ஒரே கேள்வியாகக் கருதப்படுவதால், மூன்றாவதில் மாறுபடுபவர் முதலாவதையே மறுப்பவராகப் பார்க்கப்படுகிறார். பங்குகளில் ஏற்படும் மனக்கசப்பின் பெரும்பகுதி இங்கிருந்தே பிறக்கிறது என்பது என் கருத்து.

முதல் கேள்வியிலேயே திருச்சபையோடு மாறுபடும் கத்தோலிக்கரும் பலர் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. பியூ ஆய்வு மையத்தின் அண்மைக் கணிப்புகளின்படி, அமெரிக்கக் கத்தோலிக்கர்களில் ஏறத்தாழ 10-க்கு 6 பேர் கருக்கலைப்பு எல்லா நிலைகளிலும் அல்லது பெரும்பாலான நிலைகளில் சட்டப்படி அனுமதிக்கப்பட வேண்டும் என்கிறார்கள். வாரந்தோறும் திருப்பலியில் பங்கேற்பவர்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் பெரும்பான்மை எதிர்ப்பக்கம் சாய்கிறது. பங்குப் பேரவை, பாடகர் குழு, மறைக்கல்வி வகுப்பு ஆகியவற்றை நடத்துபவர்களும், கிறிஸ்து பிறப்புக்கும் உயிர்ப்புக்கும் மட்டும் வருபவர்களும் அரசியலிலும் இரு வேறு கூட்டத்தாராகிவிட்டார்கள் என்பதே இதன் பொருள்.

இந்த நிலைக்கு வந்து சேர அரை நூற்றாண்டு பிடித்தது. 1960-இல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகக் கத்தோலிக்கரான ஜான் கென்னடி போட்டியிட்டபோது கத்தோலிக்கர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேற்பட்டோர் அவருக்கு வாக்களித்தார்கள். ஐரிஷ், இத்தாலிய, போலந்து வழிவந்த தொழிலாளர் குடும்பங்களுக்குப் பங்கு, தொழிற்சங்கம், ஜனநாயகக் கட்சி மூன்றும் ஒரே வாழ்க்கையின் பகுதிகளாக இருந்தன. 1973 ஜனவரி 22 அன்று ரோ - வேட் தீர்ப்பு வந்தபோது உச்ச நீதிமன்றத்தில் இருந்த ஒரே கத்தோலிக்கரான வில்லியம் பிரென்னன் பெரும்பான்மையோடு சேர்ந்து உரிமையை ஆதரித்தார். தீர்ப்பை எதிர்த்த இரு நீதிபதிகளில் ஒருவரான பைரன் வைட், கென்னடியால் நியமிக்கப்பட்டவர். கட்சிக்கும் நிலைப்பாட்டுக்கும் இடையே இன்று தெரியும் நேர்க்கோடு அன்று இல்லை.

1974 ஜனவரியில் நெல்லி கிரே என்ற கத்தோலிக்க வழக்கறிஞரின் முயற்சியால் வாஷிங்டனில் கருக்கலைப்பை எதிர்க்கும் வாழ்வுக்கான பேரணி தொடங்கியது. பங்குகள் பேருந்து ஏற்பாடு செய்து மக்களை அழைத்துச்செல்லும் வழக்கம் இன்றும் நீடிக்கிறது. 1975 நவம்பரில் ஆயர்கள் வெளியிட்ட மேய்ப்புப்பணித் திட்டம் பங்குதோறும் வாழ்வுக் குழு அமைக்கச் சொன்னதோடு, நாடாளுமன்றத் தொகுதிதோறும் அமைப்புகள் உருவாகவும் ஊக்கமளித்தது. கோயில் என்னும் அலகும் தொகுதி என்னும் அலகும் ஒரே தாளில் இடம்பெற்றது ஒரு பெரிய திருப்பம் என்றே சொல்ல வேண்டும். அடுத்த ஆண்டே ஆயர்கள் குழு ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஜிம்மி கார்ட்டரைச் சந்தித்துவிட்டு ஏமாற்றம் தெரிவித்தது. குடியரசுக் கட்சியின் அதிபர் ஜெரால்டு ஃபோர்டைச் சந்தித்துவிட்டு ஊக்கம் பெற்றதாகச் சொன்னது. ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டத்தின் பணம் கருக்கலைப்புக்குச் செல்வதைத் தடுக்கும் ஹைட் திருத்தமும் அதே 1976-இல் வந்தது. அதைக் கொண்டுவந்த ஹென்றி ஹைட் இல்லினாய் மாநிலத்தின் குடியரசுக் கட்சிக் கத்தோலிக்கர். 1980-க்குப் பிறகு குடியரசுக் கட்சி எதிர்ப்பிலும் ஜனநாயகக் கட்சி ஆதரவிலுமாகக் கட்சிகள் இரண்டும் இறுகின. பென்சில்வேனிய ஆளுநர் ராபர்ட் கேசி கருக்கலைப்பை எதிர்த்த ஜனநாயகக் கட்சிக்காரர். 1992-இல் தம் கட்சி மாநாட்டில் பேச அவருக்கு இடம் தரப்படவில்லை. கருக்கலைப்பே காரணம் என்றார் அவர். கட்சியின் அதிபர் வேட்பாளரை அவர் ஆதரிக்காததே காரணம் என்றார்கள் மாநாட்டை நடத்தியவர்கள். எப்படியாயினும், அவரைப் போன்றவர்களுக்கு ஜனநாயகக் கட்சியில் இடம் சுருங்கிக்கொண்டே வந்தது.

இந்த இறுக்கத்தைத் தளர்த்த முயன்றவர் சிகாகோவின் கர்தினால் ஜோசப் பெர்னார்டின். 1983 டிசம்பரில் ஃபோர்டம் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், கருக்கலைப்பு, அணு ஆயுதம், மரண தண்டனை, வறுமை ஆகிய அனைத்தையும் ஒரே வாழ்வு அறத்தின் கீழ் இணைத்துப் பார்க்க வேண்டும் என்றார். கருக்கலைப்பின் தனிக் கொடுமை இதில் கரைந்துபோகும் என்று எதிர்ப்பாளர்கள் அஞ்சினார்கள். கட்சிக்காரர்கள் சிலர் இதைத் தங்களுக்கு வசதியான போர்வையாக்கிக்கொண்டார்கள் என்பதும் உண்மை. மறு ஆண்டில், துணை அதிபர் வேட்பாளரான கத்தோலிக்கர் ஜெரால்டின் ஃபெராரோவை கருக்கலைப்பு பற்றிய அவருடைய நிலைப்பாட்டுக்காக நியூயார்க் பேராயர் ஜான் ஓகானர் வெளிப்படையாகக் கண்டித்தார். அந்தச் செப்டம்பரில் நியூயார்க் ஆளுநர் மரியோ குவோமோ நோட்ர டேம் பல்கலைக்கழகத்தில் பேசியபோது, தாம் தனிப்பட்ட முறையில் திருச்சபைப் போதனையை ஏற்பதாகவும், பல சமயத்தார் வாழும் நாட்டில் அதைச் சட்டமாக்குவது வேறு கேள்வி என்றும் வாதிட்டார். இன்று வரை பங்கு மண்டபங்களில் நடக்கும் வாதங்களில் பெரும்பாலானவை பெர்னார்டின், ஓகானர், குவோமோ ஆகிய மூவரில் ஒருவரின் வாதமே.

அடுத்த கட்டத்தில் வாதம், திருப்பலியில் கிறிஸ்துவின் உடலாகப் பெறப்படும் அப்பமாகிய நற்கருணைக்கு நகர்ந்தது. 2004-இல், கருக்கலைப்பு உரிமையை ஆதரித்த கத்தோலிக்க அதிபர் வேட்பாளர் ஜான் கெர்ரிக்கு நற்கருணை மறுப்பேன் என்று செயின்ட் லூயிஸ் பேராயர் ரேமண்ட் பர்க் அறிவித்தார். ஆயர்கள் ஒன்றுகூடி, முடிவை அந்தந்த மறைமாவட்ட ஆயரிடமே விட்டார்கள். 2008-இல் கன்சாஸின் பேராயர் ஜோசப் நௌமன், அப்போதைய ஆளுநர் கேத்லீன் சிபீலியஸ் நற்கருணை உட்கொள்ள வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். ஜோ பைடனுக்கு வாஷிங்டனில் தடை இருக்கவில்லை. ஆனால் 2019 அக்டோபரில் தென் கரோலினாவின் ஃபுளோரன்ஸ் நகரில் ஒரு பங்குத்தந்தை அவருக்கு நற்கருணை மறுத்தார். 2022 மே மாதம் சான் பிரான்சிஸ்கோ பேராயர் கோர்டிலியோனி, அப்போது பிரதிநிதிகள் அவைத் தலைவராக இருந்த நான்சி பெலோசியைத் தம் உயர்மறைமாவட்டத்தில் நற்கருணையிலிருந்து விலக்கினார். அடுத்த மாதமே வத்திக்கானில் திருத்தந்தை தலைமையேற்ற திருப்பலியில் பெலோசி நற்கருணை பெற்றார். 2021 ஜூன் மாதம் 168-க்கு 55 என்ற வாக்கில் பிளவுபட்டு நற்கருணை பற்றி ஏடு எழுதத் தீர்மானித்த ஆயர்கள், நவம்பரில் அந்த ஏட்டை எந்த அரசியல்வாதியின் பெயரும் இல்லாமல் 222-க்கு 8 என்ற வாக்கில் ஏற்றார்கள். ஒரே சட்டம், ஒரே அருட்சாதனம், மறைமாவட்ட எல்லையைக் கடந்தால் வேறு நடைமுறை என்றானபோது, இது அரசியல் முடிவு என்ற எண்ணம் மக்கள் மனத்தில் பதிந்ததில் வியப்பில்லை. பெரிய மனிதர்களுக்கு நடந்த இந்த மறுப்புகள், அவர்களின் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்த சாதாரணப் பங்கு மக்களையும், நற்கருணை வரிசையில் நான் நிற்கலாமா என்று எண்ண வைத்தன.

ஒரு சராசரிப் பங்கின் ஞாயிறு காலையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். விசுவாசிகள் மன்றாட்டில் பிறவாக் குழந்தைகளுக்காக ஒரு வேண்டல் இருக்கும். அதை எழுதியவர் அந்த வரியோடு நிறுத்தினாரா, புலம்பெயர்ந்தோருக்காகவும் சிறையில் மரண தண்டனைக்குக் காத்திருப்போருக்காகவும் அடுத்த வரியைச் சேர்த்தாரா என்பதை மக்கள் கூர்ந்து கவனிக்கிறார்கள். சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் பங்குத்தந்தைக்கு மின்னஞ்சல் வரும். அக்டோபர், வாழ்வை மதிக்கும் மாதம். பல கோயில்களின் புல்வெளியில் கலைக்கப்பட்ட கருக்களின் நினைவாகச் சிறு வெள்ளைச் சிலுவைகள் வரிசையாக நடப்படும். கர்ப்பிணிப் பெண்களுக்கான உதவி மையத்துக்காக வெறும் பால்புட்டிகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். சில வாரங்களில் அவை சில்லறை நிரம்பித் திரும்பி வரும். 1882-இல் தொடங்கிய, கத்தோலிக்க ஆண்களின் அமைப்பான கொலம்பஸ் வீரர்கள் சபை, 2009 முதல் இத்தகைய மையங்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்கேன் கருவிகளை வாங்கித் தந்திருக்கிறது. அதே மண்டபத்தில் வேறொரு மாலை வின்சென்ட் தே பவுல் சபையினர் கூடி, வாடகை கட்ட முடியாத குடும்பங்களின் விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்ப்பார்கள். பிள்ளையை வைத்துக்கொள்ள முடியுமா என்று தவிக்கும் பெண்ணும் வாடகைக்குத் தவிக்கும் பெண்ணும் பல நேரங்களில் ஒருவரே. எனினும் அந்த இரு குழுக்களும் ஒருவரையொருவர் கட்சிக்காரர்களாகவே பார்த்து, ஒன்றாக உட்கார்ந்து பேசாத பங்குகள் உண்டு. எனக்கு இந்த விஷயத்தில் மிகுந்த வருத்தம் தருவது இதுவே.

அந்தப் பெண் கோயிலுக்கு வெளியே இருப்பவர் என்ற கற்பனையும் இரு தரப்பிலும் உண்டு. கருக்கலைப்பு பற்றிய புள்ளிவிவரங்களைத் திரட்டும் குட்மேக்கர் நிறுவனத்தின் 2014-ஆம் ஆண்டு ஆய்வின்படி, அமெரிக்காவில் கருக்கலைப்பு செய்துகொண்டவர்களில் 24 விழுக்காட்டினர் தங்களைக் கத்தோலிக்கர் என்று குறிப்பிட்டார்கள். மறையுரையில் அனல் பறக்கும்போது அவர்கள் இருக்கையில்தான் அமர்ந்திருக்கிறார்கள். இதை முதலில் உணர்ந்து செயல்பட்ட முயற்சி 1984-இல் மில்வாக்கி உயர்மறைமாவட்டத்தில் தொடங்கிய ராகேல் திட்டம்; கருக்கலைப்புக்குப் பின் துயருறும் பெண்களுக்கு ஆற்றுப்படுத்துதலும் ஒப்புரவும் கிடைக்க அது வழிசெய்கிறது. இந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை எல்லாக் குருக்களுக்கும் நிலையாகத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வழங்கினார். தேர்தல் காலத்தில் இவ்வாறான பணிகள் பங்கு மடலின் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகின்றன.

குருக்களின் நிலையும் எளிதல்ல. 1954-ஆம் ஆண்டின் ஜான்சன் திருத்தப்படி வரிவிலக்குப் பெறும் அமைப்புகள் வேட்பாளரை ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. கன்சாஸில் நடந்ததுபோல ஒரு சட்டத் திருத்தத்தைப் பற்றிப் பரப்புரை செய்ய மட்டும் ஓரளவு இடமுண்டு. எல்லையைத் தாண்டியவர்களும் உண்டு. ஜனநாயகக் கட்சிக்காரர் கத்தோலிக்கராக இருக்க முடியாது என்று 2020-இல் விஸ்கான்சினின் லா கிராஸ் நகரப் பங்குத்தந்தை ஒருவர் காணொளி வெளியிட்டார். அவருடைய ஆயர் மறு ஆண்டில் அவரைப் பணியிலிருந்து விலக்கினார். 2025 ஜூலையில் வரித்துறை, வழிபாட்டின்போது தம் மக்களிடம் வேட்பாளரைப் பற்றிப் பேசுவது விதிமீறலாகாது என்று நீதிமன்றத்தில் தன் பிடியைத் தளர்த்தியபோதும், வேட்பாளர்களை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் இல்லை என்னும் நிலை தொடரும் என்று ஆயர் பேரவை உடனே அறிவித்தது. அது சரியான முடிவு. ஆனால் வேட்பாளர் பெயரைச் சொல்லாமல் இருப்பதற்கும் எதையுமே பேசாமல் இருப்பதற்கும் நடுவே உள்ள இடத்தைப் பெரும்பாலான பங்குகள் பயன்படுத்துவதில்லை. ஈடான காரணம் என்றால் என்ன என்று மக்கள் கூடிப் பேசும் ஒரு மாலைக் கூட்டம்கூட நடப்பதில்லை. மனச்சான்றைப் பயிற்றுவிக்க வேண்டும் என்று 2007 முதல் ஆயர்களின் குடிமைக் கடமை ஏடு சொல்லிவருகிறது; பயிற்சி கிடைக்கும் இடமாக மக்களுக்கு வாய்த்திருப்பவை தொலைக்காட்சி அலைவரிசைகளே. பேச முடியாதவர்கள் காரை எடுத்துக்கொண்டு, தங்கள் மனத்துக்கு ஒத்த மறையுரை கிடைக்கும் அடுத்த பங்குக்குப் போய்விடுகிறார்கள். எல்லையால் வரையறுக்கப்பட்ட பங்கு, கருத்தால் வரையறுக்கப்பட்ட பங்காக மாறுவது இப்படித்தான்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இந்தச் சூடு புதிராகத் தோன்றலாம். இந்தியாவில் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1971-இல், ரோ - வேட் தீர்ப்புக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே வந்தது. திருச்சபையின் போதனை இங்கும் அதுவேதான். ஆயினும் அது நம் ஊரில் தேர்தல் பிரச்சினை ஆனதில்லை. அமெரிக்காவின் சிற்றூர்ப் பங்குகளில் இன்று தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் சென்ற குருக்கள் பலர் பணியாற்றுகிறார்கள். சலுகைக்கும் பாதுகாப்புக்கும் ஏற்பக் கூட்டணியை எடைபோடும் சிறுபான்மைச் சமூகத்திலிருந்து சென்றவர்கள், ஒற்றைக் கேள்வியால் பிளந்து கிடக்கும் பங்கில் ஆயரின் தேர்தல் கால மடலை வாசிக்க வேண்டியிருக்கிறது.

அண்மை ஆண்டுகளில் எடைத்தட்டின் மறுபக்கம் கனத்துவருகிறது. பிறவாக் குழந்தையைக் காப்பதில் உறுதியும் பேரார்வமும் வேண்டும் என்றும், பிறந்துவிட்ட ஏழைகளின் உயிரும் அதே அளவு புனிதமானது என்றும் 2018-இல் பிரான்சிஸ் எழுதினார். 2019 நவம்பரில் ஆயர்கள் கருக்கலைப்பே தலையாய முன்னுரிமை என்று தங்கள் ஏட்டில் உறுதிப்படுத்தியபோது, திருத்தந்தையின் அந்தப் பத்தியை முழுமையாகச் சேர்ப்பதா என்பதில் வெளிப்படையாகவே வாதிட்டார்கள். 2024 செப்டம்பரில் விமானத்தில் செய்தியாளர்களிடம் பேசிய பிரான்சிஸ், குடியேறிகளைத் துரத்துபவர், குழந்தைகளைக் கொல்பவர் என்று அமெரிக்க அதிபர் தேர்தலின் இரு வேட்பாளர்களுமே வாழ்வுக்கு எதிரானவர்கள் எனச் சொல்லி, குறைந்த தீமை எது என்பதை அவரவர் மனச்சான்றுக்கே விட்டார். இருபது ஆண்டுகளுக்கு முன் ராட்சிங்கர் விட்ட அதே இடம். அந்தத் தேர்தலில் கத்தோலிக்கர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் டொனால்ட் ட்ரம்புக்கு வாக்களித்தார்கள்.

இப்போது தங்கள் வாக்கின் தொலைவான விளைவு பற்றிய கேள்வி மறுதரப்பை நோக்கித் திரும்பியிருக்கிறது. 2025 ஜூலையில் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ ஆயர், குடியேற்றத் துறையின் சோதனைக்கு அஞ்சுபவர்களுக்கு ஞாயிறு திருப்பலிக் கடமையிலிருந்து விலக்களித்தார். குடியேறிகளுக்காக உழைத்த செனட்டர் டிக் டர்பினுக்குச் சிகாகோ கர்தினால் பிளேஸ் குபிச் விருது வழங்க முன்வந்ததும், கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவருக்கு விருதா என்று ஆயர்கள் சிலர் எதிர்த்தார்கள். அதைப் பற்றிக் கேட்கப்பட்டபோது சிகாகோவில் பிறந்த திருத்தந்தை பதினான்காம் லியோ, கருக்கலைப்பை எதிர்த்துக்கொண்டே மரண தண்டனையை ஆதரிப்பவர் உண்மையில் வாழ்வின் பக்கம் நிற்பவர் ஆகமாட்டார் என்றும், குடியேறிகள் மனிதத்தன்மையின்றி நடத்தப்படுவதை ஏற்பவரைப் பற்றியும் அப்படிச் சொல்ல முடியுமா எனத் தெரியவில்லை என்றும் பதிலளித்தார். டர்பின் விருதை ஏற்க மறுத்தார். அந்த நவம்பரில் பால்டிமோரில் கூடிய ஆயர்கள், குடியேறிகளை மொத்தமாக நாடுகடத்துவதை எதிர்க்கும் செய்தியை 216-க்கு 5 என்ற வாக்கில் நிறைவேற்றினார்கள். கருக்கலைப்பு அரசியலில் நெடுங்காலமாகப் பிரிந்து நின்றவர்கள் அதில் ஒன்றாகக் கைதூக்கினார்கள்.

கருக்கலைப்புக் கேள்வியோ மாநிலங்களின் கைக்குப் போய், கட்சித் தேர்தலிலிருந்து சற்று விலகிய தனி வாக்கெடுப்பாகப் பல இடங்களில் வருகிறது. கன்சாஸின் அண்டை மாநிலமான மிசௌரியில் 2024 நவம்பரில் மக்கள் கருக்கலைப்பு உரிமையைச் சிறு பெரும்பான்மையில் அரசமைப்பில் சேர்த்தார்கள். அதை நீக்கும் திருத்தத்தை 2026 நவம்பரில் மீண்டும் மக்கள் முன் வைக்கச் சட்டமன்றம் 2025-இல் தீர்மானித்தது. செயின்ட் லூயிஸ், மிசௌரிப் பக்கத்துக் கன்சாஸ் சிட்டி மறைமாவட்டங்களின் பங்குகளுக்கு இது மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டாவது வாக்கெடுப்பு. வேட்பாளர் பெயர் இல்லாத வாக்குச்சீட்டு என்பதால், சட்டம் எதைத் தடுக்க வேண்டும், எதைத் தாங்க வேண்டும் என்று பங்கு மண்டபத்தில் வெளிப்படையாகப் பேச வரிச்சட்டம் குறுக்கே நிற்காது. ராகேல் திட்டத்தில் பணியாற்றுபவரையும் வின்சென்ட் தே பவுல் சபைக்காரரையும் அதே மேசைக்கு அழைக்கப் பங்குத்தந்தையின் ஓர் அறிவிப்பு போதும்.